வாசலில் வைத்த பக்கெட்

பட்டு இழை தோலில் மாட்டினால் ஒரு சத்தம் வரும். வெளியாட்களுக்குக் கேட்காது. தறி இருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அடுப்பில் குக்கர் கத்தும்போதும் கேட்கும். என் வீட்டுக்காரரின் விரல்களில் அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது ஒரு கோடையின் தொடக்கத்தில். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் முதலில் காய்ந்தன. பிறகு சிவந்தன. பிறகு வெடித்து, வெடித்த இடத்தில் நீர் கசிந்தது.

வேறு தொழில் செய்கிறவர் என்றால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். பட்டு நெய்கிறவருக்கு விரல்நுனி சொரசொரத்தால் இழை மாட்டும். மாட்டினால் பிசிறு எழும். பிசிறு எழுந்த புடவையைக் கல்யாண வீட்டில் கையால் தொட மாட்டார்கள். அப்போது தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக. "இந்தக் கை போச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்று அவர் கேட்டபோது நான் சும்மா ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டையே அதில்தான் வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஷாம்பு, சோப்பு, முகத்துக்குப் போடும் கிரீம், பாத்திரம் தேய்க்கும் திரவம் என்று வீட்டுக்கு வீடு புழங்குகிற பொருள்களில் இருக்கும் ரசாயனம் மனுஷ உடம்பில் எவ்வளவு படும் என்று கணக்குப் போடுவது என் வேலை. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு ஆள் அதை எவ்வளவு எடுக்கிறார், எத்தனை தடவை எடுக்கிறார், உடம்பில் எங்கே படுகிறது, கழுவிவிடுகிறாரா அப்படியே விட்டுவிடுகிறாரா, இதெல்லாம் தெரிய வேண்டும். கழுவுகிற சோப்பில் பரவாயில்லை என்று விடுகிற சாமானை, நாள் முழுக்கத் தோலில் இருக்கும் கிரீமில் விட மாட்டோம்.

இந்த வேலைக்குப் போய்த்தான் நான் இப்படி ஆனேன் என்று அத்தை, அதாவது என் மாமியார், எல்லோரிடமும் சொல்வார். அது உண்மையில்லை. சந்தேக புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வேலை அதற்கு ஒரு அடையாள அட்டை கொடுத்தது, அவ்வளவுதான். 'மூலிகை' என்று எழுதியிருந்தால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பேன். 'முழுக்க முழுக்க இயற்கை' என்று எழுதியிருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பேன். வீட்டுக்காரர் என்னை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவார். நல்ல நாளில் அது கிண்டல், கெட்ட நாளில் வசவு.

விரல் வெடித்ததும் நான் என் வேலையை வீட்டில் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறை, சமையலறை, பூஜை அலமாரி என்று எங்கெல்லாம் அவர் கை போகுமோ அங்கிருந்த சாமானையெல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். குளியல் சோப்பு, துணி சோப்பு, பற்பசை, சவரக் கிரீம், வாசனை விபூதி, குங்குமம், தலை எண்ணெய், கொசு விரட்டி. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை மட்டும் விசாரிக்காமலே விடுதலை செய்தேன். அவர் அதைத் தொட்ட சரித்திரம் கிடையாது.

அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு பட்டுட்டுதுமா. அந்தப் பொடவைய எத்தினி பேரு வந்து பாத்துக்கினு போனாங்க. நீ டப்பாவப் படிச்சிக்கினு இருக்கறே" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் தடுக்கவில்லை. ஆனால் மிளகாயை வீட்டுக்காரர் கையால் தொட விடவில்லை.

விபூதியில் எனக்குப் பெரிய சந்தேகம். கோயில் கடையில் வாங்கியது, தாழம்பூ வாசனை தூக்கலாக இருந்தது, எடுக்கிறதும் அதே மூன்று விரல்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வாசனை இல்லாத சாண விபூதிக்கு மாற்றினோம். விரல் மாறவில்லை. தலை எண்ணெயையும் பார்த்தேன். வெயில் காலத்தில் சூடு தணிய என்று அத்தை வாங்கிய சிவப்பு நிறக் குளிர்ச்சி எண்ணெய் அது. முன்பக்கம் ஏழெட்டு மூலிகைகளின் படம், பின்பக்கம் கடைசியில் பொடி எழுத்தில் 'வாசனைத் திரவியம்' என்று இருந்தது. ஆனால் அது படும் இடம் தலை. தலையில் ஒரு அரிப்பு கிடையாது, ஒரு சிவப்பு கிடையாது. அதைத் தேய்த்துவிடுவதும் அவரில்லை. தன் பிள்ளைக்குத் தினமும் காலையில் அத்தைதான் தேய்த்துவிடுவார், அவர் கையோ பூ மாதிரி இருந்தது. எண்ணெய் பாட்டிலை அலமாரியில் திருப்பி வைத்தேன்.

மிச்சம் இருந்தது நூல். சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்குச் சாயம் போட்டுத் தருகிறவரிடம் போனேன். தெலுங்கு பேசும் குடும்பம், நல்ல மனுஷர். என்ன சாயம், எத்தனை தடவை அலசுகிறீர்கள் என்று நான் கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். முழங்கை வரைக்கும் அரக்கு.

"நான் இதுலயே ஊறிக்கினு இருக்கறேன்மா. எனக்கு வராதது, காஞ்ச நூலத் தொடறவருக்கு வருமா?"

ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல வாயெடுத்தேன். கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மனுஷர் வியர்த்துக்கொண்டிருந்தார், சொல்லவில்லை. கேட்காமலே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பிடி நூலை எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "எடுத்துக்கினு போய் எங்க வேணா காட்டு" என்றார். அவர் அவ்வளவு தைரியமாகக் கொடுத்ததே எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்பியது. என் புத்தி அப்படி.

இதற்கு நடுவில்தான் வீட்டுக்காரர் தன் சந்தேகத்தை வெளியே எடுத்தார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நீ ஆபீஸ்லேர்ந்து இன்னா இன்னாவோ மேல பூசிக்கினு வரே. இந்த வீட்ல புதுசா வர்றது அது ஒண்ணுதான்" என்றார்.

"என் துணியில வந்தா ரெண்டு கையிலயும் வரணுமே. எப்படி வலது கை மட்டும்?"

"சோறு திங்கறது அந்தக் கையிலதான். போடறது நீதான்."

அடுத்த நாள் சாயங்காலம் நான் வந்தபோது வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது, பாதி தண்ணீரோடு. எங்கள் வீடு செவிலிமேட்டில் புதிதாகக் கட்டியது, பக்கத்துச் சந்தில் வெளியே ஒரு குளியலறை உண்டு. ஆபீஸ் துணியை அங்கேயே கழற்றி பக்கெட்டில் போட்டுவிட்டு, தலையோடு குளித்து, வேறு உடுத்திக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்றார் வீட்டுக்காரர். தறி அறைக்குள் மட்டும் வரவே வேண்டாம் என்றார். எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று நாள் பொறுத்தார், பிறகு கேட்டே விட்டார்.

"இன்னாமா, தெனம் சாவு வூட்டுக்குப் போயிட்டு வரியா?"

"இல்லக்கா. ஆபீசுக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். குளித்த ஈரத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

தோல் டாக்டரிடம் போனோம். அவர் களிம்பு கொடுத்தார், கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார். கையுறை போட்டுப் பட்டு நெய்ய முடியாது என்று சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்துகளை வைத்து ஒட்டினார். நான் கொண்டுபோன நூலையும் கத்தரித்து ஒட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். நூல் இருந்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"வாசனைப் பொருள்" என்றார் டாக்டர். "சோப்பு, பவுடர், சென்ட் எதுல வேணா இருக்கும். கையில என்னென்ன படுதுன்னு பாருங்க."

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "உன் ஆபீஸ்ல நாள் பூரா இன்னாத்த மோந்துக்கினு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வாசனைப் பொருளுக்கென்றே ஒரு தனி அறை இருக்கிறது. அதற்குப் பக்கத்து அறையில்தான் என் மேஜை.

வீட்டில் எல்லாச் சோப்பையும் வாசனை இல்லாததாக மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வைகாசியில் கருட சேவைக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் தறிக்கு விடுமுறை விட்டார், நானும் லீவு போட்டேன். அந்த நாள்களில் விரல் அழகாக ஆறிக்கொண்டு வந்தது. வெடிப்பு மூடியது, சிவப்பு வெளுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விருந்தாளிகள் ஊருக்குப் போனார்கள், அவர் தறியில் இறங்கினார், நான் பஸ் ஏறினேன். அந்த வாரத்திலேயே விரல் மறுபடியும் வெடித்தது.

"பாத்தியா" என்றார்.

தறியில் இறங்கியதால் வந்தது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நூல் இல்லை என்று முதுகே சொல்லிவிட்டது. நான் போட்ட கணக்கிலேயே நான் மாட்டிக்கொண்டேன். நான் வீட்டில் இருந்தால் ஆறுகிறது, வேலைக்குப் போனால் வெடிக்கிறது. இந்த மாதிரி ஒரு விவரம் ஆபீசில் என் கைக்கு வந்தால் நானே என்ன எழுதுவேன் என்று யோசித்தேன். நான் தொட்ட தண்ணீர்ச் சொம்பை நானே ஒரு தடவை கழுவி வைத்தேன். பஸ்ஸில் என் துப்பட்டாவை மோந்து பார்த்தேன், பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் கடைசியில் என்னையே சந்தேகப்படும் இடத்துக்கு வந்திருந்தேன். படித்து, அலைந்து, எனக்குப் பிடித்துக் கிடைத்த வேலை அது. திங்கட்கிழமை போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். சனிக்கிழமை அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை திருப்புட்குழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்வை போட்டு நெய்வதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நடுவில் நெய்ய, இன்னொருவர் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் அது அத்தையின் வேலை. புடவை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, ஒரு பகல் சும்மா விட முடியாது. வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, விரித்திருந்த பாவு நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன்."

"சரி, வா."

நானும் தறிக்காரர் பெண்தான், நாடா தள்ள எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அறைக்குள் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு இழை அறுந்தது. அவர் தறியை நிறுத்தினார். வலது கையின் மூன்று விரலும் காதுக்குப் பின்னால் போய், முடிக்குள் ஒரு தடவு தடவிவிட்டு இறங்கி வந்தன. இழையின் இரண்டு நுனியையும் பிடித்து முறுக்கிச் சேர்த்தார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு இழை மாட்டியது. விரல் மறுபடியும் காதுக்குப் பின்னால் போய் வந்தது. அடுத்த தடவை இழைகூட அறுந்திருக்கவில்லை, விரல் சொரசொரப்பாக இருப்பது அவருக்கே உறுத்தியதோ என்னவோ, கை தானாக மேலே போனது. அப்போதுதான் என் கையில் நாடா நின்றது.

இது எல்லாத் தறிக்காரரும் செய்வதுதான். இழை விரலில் வழுக்கிப் போக ஒரு பொட்டு எண்ணெய் வேண்டும். கிண்ணத்தில் வைத்துத் தொட்டால் அதிகமாகிப் பட்டில் கறை விழும். தலைமுடியில் இருக்கும் பிசுக்குத்தான் சரியான அளவு. என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். பிறந்ததிலிருந்து பார்த்ததால் அது ஒரு செயல் என்றே என் கண்ணுக்குப் படவில்லை. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் எடுப்பார்களா?

"நீங்க இப்ப தலையில கை வச்சீங்க" என்றேன்.

"எப்போ?"

"இப்போ. இழைய முறுக்கறதுக்கு முன்னாடி."

"நான் எதுக்குத் தலையில கை வைக்கறேன்? நாடாவத் தள்ளு."

அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரியும். சந்தேகப்படுகிறவர்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது, எனக்கே ஏறாது. போனில் வீடியோவைப் போட்டு ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையால் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு வேளைக்கு எழுந்தபோது அவர் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே பார்த்தார். படத்தில் அவர் கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. விரல் மோசமாக ஆக ஆக இழை மாட்டும், மாட்ட மாட்டக் கை இன்னும் தலைக்குப் போகும் என்று நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. அவர் நெய்கிறவர், அது அவருக்கே புரிந்தது. பிறகு தன் விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். சிவப்பு எண்ணெயின் கற்பூர நெடி எனக்கே வந்தது.

கருட சேவை நாள்களில் அவர் நெய்யவில்லை. நெய்யாததால் கை தலைக்குப் போகவில்லை. தினம் ஒரு தடவை தலையில் படுவது என்று நான் கணக்கிட்ட எண்ணெய், நாள் முழுக்க, வெடித்த தோலில், கழுவாமல் பட்டுக்கொண்டிருந்தது. தலை தாங்கியதை வெடித்த விரல் தாங்கவில்லை. பிறகு ஒரு நாள் இதைச் சொன்னபோது, தலையில் ஒன்றுமில்லை என்றதும் தானும் எண்ணெயைச் சந்தேகிக்காமல் விட்டதாக டாக்டர் சொன்னார்.

"எண்ணெய நிறுத்திப் பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். 'உன்னால இல்ல' என்று ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன், விடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தபோது பக்கெட் வாசலிலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்துவிட்டு உள்ளே போனேன்.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வாங்கிவந்தேன். செக்குக்காரரிடம் அரை மணி நேரம் நின்று, என்ன கலக்கிறீர்கள் என்று குடைந்துவிட்டுத்தான் வாங்கினேன். அத்தைக்கு அந்த எண்ணெயில் நம்பிக்கையில்லை, சூடு என்றார். சுற்றிப் போட்டதால்தான் குணமாகிறது என்று இன்றைக்கும் சொல்வார். விரல் மெதுவாக ஆறியது. முதலில் நீர் நின்றது, பிறகு வெடிப்பு மூடியது, பிறகு ஒரு நாள் அடுப்படியில் நான் நின்றுகொண்டிருந்தபோது தறி அறையிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்தபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். ஒரு பிசிறு இல்லை.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் வாசலில் பக்கெட்டைக் காணோம்.

"எங்க அது?"

"தோட்டத்துல போட்டுட்டேன்" என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

மன்னிப்புக் கேட்கவில்லை. இதுதான் அவர் கேட்கும் விதம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் எனக்கு ஆறவில்லை. மாசக் கணக்கில் என்னைத் தெருவில் நிறுத்தியதற்கு ஒரு பக்கெட்டை நகர்த்தினால் சரியாகிவிடுமா? உள்ளே போய்ச் சோறு போட்டேன், அன்றைக்குக் கொஞ்சம் உப்பு தூக்கல் என்றார்.

போன மாதம் அவருடைய பெரியப்பா பிள்ளைக்குக் கல்யாணம். அதற்காகப் புது சலூன் ஒன்றில் முடி வெட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நான் வாசலில் கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனையில் வரும்போதே வாசனை வந்துவிட்டது. தலையில் ஏதோ மசாஜ் எண்ணெய், கழுத்தில் வெள்ளையாகப் பவுடர், முகத்தில் ஏதோ தெளித்திருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளையே அவர்தான் என்பது போல் நடந்துவந்தார்.

"உள்ள வராதீங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

தோட்டத்துக்குப் போனேன். பக்கெட் கருவேப்பிலைச் செடிக்குக் கீழே குப்புறக் கிடந்தது. எடுத்துவந்து தண்ணீர் பிடித்து வாசலில், அதே இடத்தில் வைத்தேன். அவர் பக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

எதிர்வீட்டம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "இன்னாபா, சாவு வூட்டுக்குப் போயிட்டு வரியா?"

"இல்லக்கா" என்றார் அவர். "சலூனுக்கு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். நான் சொம்பில் மொண்டு ஊற்றினேன், கொஞ்சம் வேகமாகவே.